மண்ணுக்குத் திரும்பும் தொட்டி

நுழையும்முன்

காலையில் புதிதாக வீட்டுக்குள் வரும் செய்தித்தாள் மறுநாளே பழந்தாளாகிவிடுகிறது. அத்தாள் ஒரு நாற்றின் முதல் வீடாகலாம். பின்னர் அந்நாற்று வேரூன்றும் மண்ணோடு மண்ணாகலாம். கழிவு என்னும் சொல்லின் பொருளை மீண்டும் எண்ணிப்பார்க்கத் தூண்டுகிறது இப்பாடம்.

பாலாற்றங்கரை

பாலாற்றின் வடகரையில் காட்பாடியும் தென்கரையில் வேலூரும் அமைந்துள்ளன. மேற்கேயுள்ள ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்கள் தோல் தொழிலால் உலகப் புகழ்பெற்றவை. பல குடும்பங்களுக்கு வாழ்வளித்த அத்தொழிலின் கழிவுநீர், ஒரு காலத்தில் தூய்மை செய்யப்படாமலே நிலத்தையும் நீரையும் அடைந்தது. கிணற்றுநீர் கெட்டது, விளைநிலம் வளமிழந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. கேடு நேரும்முன் காத்தல், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்றல் ஆகிய இரு நெறிகளையும் நாட்டின் சட்டத்தின் பகுதியாக அத்தீர்ப்பு ஏற்றது. மண்ணில் சேரும் பொருளை மண் ஏற்குமா என்னும் வினா, இவ்வட்டாரத்தினர் பட்டறிந்து கேட்ட வினாவாகும்.

நாற்றுப்பையின் சிக்கல்

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் நெகிழிப்பொருள்களுக்குத் தமிழ்நாடு அரசு 2019 சனவரி 1 முதல் தடைவிதித்தது. எனினும், அரசுத்துறைகளின் கொள்முதல் ஆணைப்படி வனத்துறை, தோட்டக்கலை நாற்றங்கால்களுக்குத் தயாரிக்கப்படும் பைகளுக்கு அவ்வாணையிலேயே விலக்கு அளிக்கப்பட்டது. நாற்றை மாதக்கணக்கில் தாங்கவல்ல, மலிவான மாற்றுப்பொருள் எளிதில் கிடைப்பதில்லை என்பதை இவ்விலக்கு உணர்த்துகிறது. பசுமையை வளர்க்கும் பணியிலேயே நெகிழி பயன்படுவது ஒரு முரண். நடும்போது கிழித்தெறியப்படும் பை வயலோரத்தில் கிடக்கிறது. பையை அகற்றாமல் நட்டாலோ, வேர் வெளியேற வழியின்றி உள்ளேயே சுருள்கிறது.

தொட்டி செய்யும் முறை

காய்கறி நாற்றுகளைப் பொறுத்தவரை இதற்கு எளிய விடையொன்று ஒவ்வொரு வீட்டிலும் உள்ளது. செய்தித்தாளை 45 செ.மீ. நீளமும் 14 செ.மீ. அகலமும் கொண்ட துண்டாக வெட்டவேண்டும். 5 செ.மீ. விட்டமுள்ள புட்டியின்மீது, அடிப்பகுதியில் 5 செ.மீ. தாள் நீட்டிக்கொண்டிருக்குமாறு அதைச் சுற்றவேண்டும். தாள் ஏறத்தாழ மூன்று அடுக்காக அமையும். நீட்டிய பகுதியை உள்நோக்கி மடித்துத் தரையில் அழுத்திப் புட்டியை உருவினால், 9 செ.மீ. உயரமுள்ள தொட்டி உருவாகும். செம்மண், மட்கிய தொழுவுரம், மட்கிய தென்னைநார்க் கழிவு ஆகியவற்றின் கலவையை நிரப்பித் தட்டில் நெருக்கமாக அடுக்கினால், தொட்டிகள் ஒன்றையொன்று தாங்கிநிற்கும்.

தாளும் மண்ணும்

தாளின் முதன்மைக் கூறு செல்லுலோசு. ஈரமண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் அதனைச் சிதைக்கின்றன. நெகிழ்ந்த தாளை வேர் துளைத்துச் செல்கிறது. தொட்டியோடு நடுவதால் வேர் அறுபடுவதில்லை. ஆதலால், வேர் அசைந்தால் வாடும் பாகல், புடலை, சுரை முதலிய கொடிவகைகளுக்கு இம்முறை மிகவும் ஏற்றது. புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள்ளுக்கத்தரியின் நாற்றையும் இவ்வாறு வளர்க்கலாம். ஆண்டுக்கணக்கில் நாற்றங்காலில் வளரவேண்டிய மரக்கன்றுகளுக்குத் தாள் தொட்டி தாங்காது.

இதில் கருதவேண்டியன சில உள. தாளைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் மண்ணிலுள்ள நைட்ரசனை எடுத்துக்கொள்வதால் நாற்று வெளிறக்கூடும். தொழுவுரம் அக்குறையை ஈடுசெய்யும். நட்டபின் மண்ணுக்குமேல் தாளின் விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தால், அது திரிபோல ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடும். வெயில் 40 பாகையைக் கடக்கும் வேலூர்க் கோடையில் இச்சிறு பிழையே நாற்றைக் கொல்லப் போதுமானது. ஆகவே, விளிம்பைக் கிள்ளிவிட்டு முழுவதும் மண்ணால் மூடவேண்டும். கறையான் மிகுந்த நிலத்தில் வேப்பம்புண்ணாக்கு இடுவது நன்று. பளபளப்பான வண்ணத்தாள்களைத் தவிர்க்கவேண்டும். அச்சுமையின் தீங்கு கருதி, உணவைச் செய்தித்தாளில் பொதியலாகாது என இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016இல் அறிவுறுத்தியதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

அழிவும் ஒரு பண்பே

நெடுநாள் உழைப்பதே ஒரு பொருளின் சிறப்பு என்பது பொதுவான கருத்து. நாற்றுத்தொட்டிக்கோ இருவேறு கடமைகள் உள்ளன: நாற்று வேர்பிடிக்கும்வரை தாங்குதல், அதன்பின் வழிவிட்டு மறைதல். நெகிழிப்பை முதற்கடமையை நன்கு ஆற்றுகிறது; இரண்டாவதை அறியாது. ஒரு பொருளைச் செய்யும்போதே அதன் முடிவையும் எண்ணிச்செய்தல் வேண்டும் என்பதே பாலாற்றங்கரை உணர்த்தும் பாடம்.

கற்பவை கற்றபின்

தாள் தொட்டியில் ஐந்து, நெகிழிப்பையில் ஐந்து எனக் கத்தரி நாற்றுகளை வளர்த்துப் பள்ளித் தோட்டத்தில் நடுக. ஒரு மாதம் கழித்து அவற்றின் உயரம், இலைகளின் எண்ணிக்கை, நிறம் ஆகியவற்றை ஒப்பிட்டு, கண்டறிந்தவற்றைக் கட்டுரையாக எழுதி வகுப்பறையில் படித்துக்காட்டுக.