உமி எரித்தால் சிமெந்து பசுமையாகுமா?

கேள்வி: அருவக்காட்டுச் சுண்ணாம்புக்கல்லில் சிமெந்து செய்யும் புத்தளம் ஆலையில் நிலக்கரியோடு உமியும் கழிவும் எரிக்கிறார்களாம். இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? சூழல் அக்கறையிலா?
– ஒரு வாசகர், எலுவன்குளம்

பதில்: அக்கறைக்கு முன்னால் வந்தது எரிபொருள் பில். சிமெந்துச் சூளையில் கல்லும் களிமண்ணும் சுமார் 1450 பாகை செல்சியஸ் வரை சூடேற வேண்டும். 1973 ஒக்டோபருக்குப் பின் சில மாதங்களிலேயே எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானபோது, உலகெங்கும் எண்ணெய் எரித்த ஆலைகள் நிலக்கரிக்குத் தாவின. பிறகு பழைய டயர், கழிவுக் கரைப்பான், உமி என்று எரிவதையெல்லாம் தேடின. கரியமில வாயுவைப் பற்றிய பேச்சு 1992 ரியோ மாநாட்டுக்குப் பிறகுதான் உரத்துக் கேட்டது; பழைய சிக்கனத்துக்குப் பச்சைப் பெயர் கிடைத்ததும் அப்போதுதான். இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. இலாபத்துக்காகக் குறைத்த புகையும் குறைந்த புகைதான். நெல் வளரும்போது காற்றிலிருந்து எடுத்த கரிதான் உமி எரியும்போது திரும்பிப் போகிறது. அதோடு, நிலக்கரிக் கப்பலுக்கு டொலர் வேண்டும்; நம் நெல் ஆலை உமிக்கு ரூபா போதும். 2022இல் டொலர் இல்லாமல் நாடு பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் உமிக் கணக்கு பாதிக் கணக்குக்கூட இல்லை. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை எண்ணிப் பாருங்கள்: கல்லையோ சிப்பியையோ சுட்டால் எடை குறைகிறது. சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். மீதி 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். அடியில் எரிவது நிலக்கரியா உமியா என்று கல்லுக்குக் கவலையில்லை. சூளையிலிருந்து வரும் கரியமில வாயுவில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு இப்படிக் கல்லிலிருந்தே வருகிறது. ஆகவே அருவக்காட்டிலிருந்து ரயிலில் போகும் கல்லின் அளவு குறையாமல் சிமெந்து பசுமையாகாது. அதற்கு ஒரு வழி, சூளையிலிருந்து வரும் கிளிங்கரின் (அரைத்தால் சிமெந்தாகும் கட்டிகளின்) ஒரு பகுதிக்குப் பதிலாக அனல் மின்நிலையச் சாம்பலைக் கலப்பது. அந்தச் சாம்பல் எங்கே கிடைக்கிறது? பக்கத்து நுரைச்சோலையில், 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையத்தில்! ஒருவரின் அழுக்கில் இன்னொருவர் வெளுக்கிற கதை இது. நிலக்கரியை விட்டு நாடு காற்றுக்கும் வெயிலுக்கும் மாறினால் சாம்பலும் போய்விடும். அதற்கு மாற்றாக, 800 பாகை அளவில் சுட்ட களிமண்ணைக் கலக்கும் முறையை இப்போதே பழக வேண்டும்.

கழிவை எரித்தால் நஞ்சு பரவாதா என்று கேட்பார்கள். ஞாயமான கேள்வி. சூளையின் 1450 பாகைச் சூட்டில் கரிமச் சேர்மங்கள் பெரும்பாலும் சிதைந்துவிடும். சாம்பலும் கிளிங்கரோடு உருகிச் சேர்ந்துவிடும். ஆனால் பாதரசம் ஆவியாகி மேலே போகக்கூடியது. ஆகவே எதை எரிக்கிறார்கள் என்ற பட்டியலும் புகைபோக்கியின் அளவீடும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். ஆலையின் வாய்வார்த்தை போதாது. சிமெந்து இல்லாமல் வீடு கட்ட முடியுமா என்ற கேள்விக்கு இங்கே இடமே இல்லை. சிமெந்தை விடச் சொல்லவில்லை, ஒரு மூட்டையில் கிளிங்கரைக் குறைக்கத்தான் சொல்கிறோம்.

எந்த சிமெந்து நிறுவனத்தின் நிலைபேற்று அறிக்கையாவது கையில் கிடைத்தால், உமிப் படத்தைத் தாண்டிப் போய், ஒரு தொன் சிமெந்துக்குக் கிளிங்கர் எத்தனை கிலோ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடிதம் எழுதிக் கேளுங்கள்.