எந்த எஞ்சின் உகந்தது?

கேள்வி: கனரக லாரி வாங்க உத்தேசித்திருக்கிறேன். குதிரைத் திறன் அதிகமுள்ள டீசல் எஞ்சினையே தேர்ந்தெடுக்கலாமா?
– ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: குதிரைத் திறன் என்பது முறுக்கு விசையும் சுழற்சி வேகமும் சேர்ந்து விளைவதாதலால், அந்த ஓர் எண்ணை மாத்திரம் பிரமாணமாகக் கொண்டு முடிவு செய்வது உசிதமன்று. முழுப் பாரத்தோடு தொப்பூர் மலைப்பாதை போன்ற ஏற்றங்களைத் தளராமல் கடப்பதற்கு, நிமிஷத்துக்குச் சுமார் 1,000 முதல் 1,500 சுற்றுகளுக்குள்ளேயே உச்ச முறுக்கு விசையைத் தரும் எஞ்சினே பிரதானமாக வேண்டப்படுவது. தாங்கள் வழக்கமாக ஓட்டும் வேகத்திலும், மேல் கியரில், அது அந்த எல்லைக்குள்ளேயே சுழலும்படி கியர் விகிதங்கள் பொருந்தியிருந்தால் டீசல் செலவும் கணிசமாகக் குறையும். இறக்கத்தில் சக்கர பிரேக்குகள் சூடேறிச் செயலிழக்காமல் காக்கும் எஞ்சின் பிரேக்கின் வலிமையையும் அவசியம் கவனியுங்கள், ஏனெனில் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

சமவெளியில் அளவான சரக்கேற்றும் வண்டிக்குப் பெரிய எஞ்சின் வீண் முதலீடு. மலையேறும் வண்டிக்குச் சிறிய எஞ்சினோ ஓயாத பளுவால் ஆயுளை இழக்கும். 2020 ஏப்ரல் 1 முதல் அமலிலுள்ள பாரத் ஸ்டேஜ் 6 விதியின்படி, புகையைச் சுத்திகரிக்கும் சாதனங்களும் யூரியாக் கரைசலும் இந்த எஞ்சின்களோடு இணைந்துவிட்டபடியால், தாங்கள் செல்லும் மார்க்கமெங்கும் தேர்ந்த மெக்கானிக்குகளும் அசல் உதிரிப் பாகங்களும் கிடைக்குமா என்று தீர விசாரித்த பின்னரே முன்பணம் கொடுங்கள்.