வீட்டிலும் ஒரு பாடு உண்டு

வேத பாடம்
வாசிக்க: யாத். 20:12, மாற்கு 7:9-13, 1 தீமோ. 5:4-8



பழவேற்காடு ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்த நமக்குப் பாடு என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறோம். முறை இல்லாவிட்டால் ஒருவன் வலை நிறையும், இன்னொருவன் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் வீட்டில் படுத்திருக்கிற அப்பா அம்மாவைக் கவனிக்க இப்படி ஒரு முறை வைத்திருக்கிறோமா? அநேக வீடுகளில் இல்லை. மூத்த மருமகளோ, ஒரு மகளோ தனியாகச் சுமக்கிறாள். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து, "என்னம்மா, எப்படி இருக்கே?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

வேதம் என்ன சொல்லுகிறது? தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லி, தாய் தகப்பனுக்குச் செய்யவேண்டியதை நிறுத்தினவர்களை இயேசு கடிந்துகொண்டார். ஆகவே உபவாச ஜெபத்துக்கு வந்ததையும் தசமபாகம் கொடுத்ததையும் காட்டி இந்தக் கடமையிலிருந்து தப்ப முடியாது. சிலுவையில் தொங்கின வேளையிலும் அவர் தம் தாயை யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்று விடவில்லை. இன்னார் என்று ஒரு சீஷனைக் குறித்து ஒப்படைத்தார் (யோவான் 19:26,27). யாக்கோபும் யோவானும் அவருக்குப் பின்சென்றபோது, செபெதேயுவோடு படகில் கூலியாட்கள் இருந்தார்கள் என்பதையும் மாற்கு எழுதிவைத்திருக்கிறார் (1:20). தகப்பன் தனியாக விடப்படவில்லை.

இனி நாம் செய்யவேண்டிய காரியங்களைப் பார்ப்போம்.

1. முறை வையுங்கள்

பிள்ளைகள் எல்லாரும் ஒருநாள் சாயங்காலம் கூடி உட்காருங்கள். குளிப்பாட்டுவது யார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது யார், பணம் தருவது யார் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். சென்னையில் வேலை செய்கிற மகன் பணம் மட்டும் அனுப்பினால் போதாது, மாதத்தில் இரண்டு நாளாவது வந்து இருக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்குப் போகிறவர்கள் கரையில்தான் இருக்கிறார்கள். அந்த நாட்களில் அவர்கள் முறையை ஏற்றுக்கொள்ளலாமே! ஆண்பிள்ளை தன் தகப்பனைக் குளிப்பாட்டினால் மரியாதை ஒன்றும் குறைந்துபோகாது.

2. விழாமல் காப்பாற்றுங்கள்

ஏலி 98 வயதில் ஆசனத்திலிருந்து மல்லாக்க விழுந்து, கழுத்து முறிந்து செத்தான் (1 சாமு. 4:15-18). வயதானவர்களுக்கு ஒரு விழுதல் போதும், இடுப்பு எலும்பு முறிந்தால் படுக்கைதான். நடக்கிற வழியில் வலையும் ஐஸ் பெட்டியும் கிடக்க வேண்டாம். இரவில் சின்ன விளக்கு எரியட்டும். கக்கூஸில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அடியுங்கள். ஈரத்தைத் துடையுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் இவர்களைத்தான் முதலில் மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாத்திரை, மருத்துவச் சீட்டு, ஆதார், மாற்றுத்துணி எல்லாம் ஒரே பையில் எப்போதும் தயாராக இருக்கட்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த நமக்கு இது தெரியாததல்ல.

3. உடம்பைக் கவனியுங்கள்

படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள். இல்லாவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் புண் வரும். சாப்பாட்டை உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும். மீனை முள் பார்த்துப் பிசைந்து கொடுங்கள். இரத்த அழுத்தம் இருந்தால் கருவாட்டைக் குறையுங்கள், அதில் உப்பு அதிகம். சர்க்கரை வியாதி உள்ளவர்களின் பாதத்தைத் தினமும் பாருங்கள். சிப்பி கிழித்தாலும் சிலருக்கு வலி தெரியாது. சின்னக் கீறல்தான் பிறகு காலை எடுக்கும்படி ஆகிறது.

4. ஜெபமும் மாத்திரையும்

இதைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய்வந்து, "இனி மாத்திரை வேண்டாம்" என்று சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்யாதிருங்கள். கர்த்தர் சுகம் தந்தால் பரிசோதனையில் அது தெரியும், டாக்டரே மாத்திரையைக் குறைப்பார். பவுலோடு ஊழியத்தில் இருந்த லூக்கா ஒரு வைத்தியர்தானே (கொலோ. 4:14)! 2021ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் போனாலோ, பேச்சு குளறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108க்குப் போன் பண்ணுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஜெபத்தை வண்டியில் போகும்போது செய்யலாம்.

பெரியவர் நடுராத்திரியில் எழுந்து, "வலைக்குப் போகணும்" என்று வாசலில் நின்றால் அது பிசாசு அல்ல. மூளையைத் தாக்கும் மறதி நோயாக இருக்கலாம். அதட்ட வேண்டாம், கட்டிப்போட வேண்டாம். "விடியட்டும்பா, போகலாம்" என்று சொல்லிப் படுக்க வையுங்கள். திடீரென்று ஒரே நாளில் குழப்பம் வந்தால் காய்ச்சலோ, கிருமியோ, சர்க்கரை குறைவோ காரணமாக இருக்கலாம். தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

5. கிடைக்கிற உதவியைப் பெறுங்கள்

ஆதரவற்ற முதியோருக்கான உதவித்தொகை 2023ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சென்னை கிண்டியில் முதியோருக்கென்றே 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பெற்றோரைக் கைவிடுகிற பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை வாங்கித்தர 2007ம் வருடத்துச் சட்டம் இருக்கிறது. கவனித்துக்கொள்வோம் என்ற நிபந்தனையில் வீட்டை எழுதி வாங்கிவிட்டுக் கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்க முடியும். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணைக் கூப்பிடலாம். ஆனால் விசுவாச வீட்டுப் பெரியவர்கள் இந்தச் சட்டத்தைத் தேடிப் போகும்படி நாம் விடலாமா?

6. கவனிக்கிறவளைக் கவனியுங்கள்

மோசே தனியாகச் சுமந்தபோது, நீயும் தொய்ந்துபோவாய் என்ற கருத்தில் அவன் மாமன் எச்சரித்தான் (யாத். 18:17,18). ராத்திரி பகலாக விழித்திருக்கிற சகோதரி எரிந்து விழுந்தால், அவளுக்கு அன்பில்லை என்று தீர்க்காதிருங்கள். அவளுக்குத் தூக்கமில்லை. சபையார் ஜெபிக்கப் போனால், ஜெபித்த பின்பு இரண்டு மணி நேரம் பெரியவரோடு உட்காருங்கள். அவள் தூங்கட்டும், மார்க்கெட்டுக்குப் போகட்டும், ஆராதனைக்கு வரட்டும். அதுவும் ஊழியம்தான்.

குடும்பமாகச் சிந்திக்க:

அ) நம் வீட்டில் யார் மேல் பாரம் அதிகம்?
ஆ) இந்த வாரம் அவர்களிடமிருந்து நான் வாங்கிக்கொள்ளும் ஒரு வேலை என்ன?
இ) நம் தெருவில் பிள்ளைகள் இல்லாத பெரியவர் யார்? அவருக்கு யார் முறை?

இன்று ராத்திரி குடும்ப ஜெபம் முடிந்ததும் அந்தத் தாளை எழுதுங்கள். கர்த்தர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.