மாட்டின் குடலிறக்கத்திற்குச் செயற்கை வலை ஒட்டு

மாடுகள் ஒன்றையொன்று முட்டிக்கொள்வதும், வேலி முளையில் மோதுவதும் தொழுவத்தில் அடிக்கடி நிகழ்பவை. சில சமயம் தோல் கிழியாமல், உள்ளேயுள்ள வயிற்றுத் தசை மட்டும் கிழிந்துவிடும். அந்தக் கிழிசல் வழியே குடல் நழுவித் தோலுக்கடியில் தங்கும். வெளியே வீக்கம் மட்டுமே தெரியும். இதுவே குடலிறக்கம்.

கட்டி என்று கீறாதீர்கள்

இவ்வீக்கத்தைச் சீழ்க்கட்டி என்று எண்ணிக் கத்தியால் கீறுவதும், பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு போடுவதும் உண்டு. தோலுக்கு அடியிலேயே குடல் இருப்பதால் கத்தி அதனையும் அறுத்துவிடும். குடலிலுள்ள சாணமும் கிருமிகளும் வயிற்றினுள் பரவினால் மாடு பிழைப்பது அரிது.

பொதுவாகக் குடலிறக்க வீக்கம் மென்மையாக இருக்கும். மெல்ல அழுத்தினால் உள்ளே போய், கையை எடுத்ததும் மீண்டும் வரும். ஆனால் எல்லா மாடுகளிலும் இப்படி இராது. ஆகவே, முட்டுப்பட்ட பின் வயிற்றில் தோன்றும் எந்த வீக்கத்தையும் கால்நடை மருத்துவர் பார்க்கும் வரை தொடாதிருப்பதே நலம்.

வலை ஒட்டு எதற்கு?

சிறிய கிழிசலை நூலால் தைத்து மூடலாம். பெரிய கிழிசலின் ஓரங்களை இழுத்துத் தைத்தால், வயிற்றின் பளு தாங்காமல் தையல் அறுந்துவிடும். கிழிந்த சாக்கின் வாயை இழுத்துத் தைப்பதைவிட ஒட்டுத்துணி வைத்துத் தைப்பது உறுதியல்லவா? அதே முறைதான் இங்கும்.

அமெரிக்க அறுவை மருத்துவர் பிரான்சிஸ் அஷர், செயற்கை இழை வலையைக் கொண்டு மனிதரின் குடலிறக்கத்தைச் சீர்செய்யும் முறையை 1958-இல் வெளியிட்டார். இன்று பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் இழை வலை பயன்படுகிறது. இவ்விழை உடலில் மட்குவதில்லை. வலையின் கண்களுக்குள் புது நார்த்திசு வளர்ந்து பின்னிக்கொள்வதால் அவ்விடம் உறுதியாகிறது. உரச்சாக்கும் இதே வகைப் பொருளால் ஆனதுதான் என்று அதை வெட்டிப் பயன்படுத்தக் கூடாது. கிருமி நீக்கிய மருத்துவ வலையே ஏற்றது.

வலை குடலை நேரடியாகத் தொட்டால் குடல் அதில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே வயிற்றின் உட்சவ்வை முதலில் மூடி, அதன் மேல் வலையைப் பொருத்துவது வழக்கம்.

குடலே கிழிந்திருந்தால் முதலில் குடலைத் தைக்க வேண்டும். கெட்டுப்போன பகுதியை வெட்டி நீக்க வேண்டும். அழுக்கும் சீழும் உள்ள இடத்தில் வலை வைத்தால் கிருமிகள் அதன் இழைகளில் தங்கிவிடும். பிறகு வலையையே எடுக்க நேரிடும். கீறப்பட்ட மாட்டிற்கு இச்சிகிச்சை கடினமாவது இதனால்தான்.

எப்போது அவசரம்?

புதுக்காயத்தின் வீக்கம் வற்றிக் கிழிசலின் ஓரங்கள் கெட்டிப்படும் வரை, மருத்துவர் சில வாரங்கள் காத்திருக்கச் சொல்லலாம். ஆனால் மாடு தீனி எடுக்காமை, சாணம் போடாமை, வயிற்றை உதைத்துக்கொள்ளுதல், வீக்கம் கெட்டியாகி வலித்தல் ஆகியவை தென்பட்டால், குடல் கிழிசலில் நெரிபட்டிருக்கலாம். அன்றே சிகிச்சை தேவை. குடல் வெளியே வந்துவிட்டால் உள்ளே தள்ளாதீர்கள். காய்ச்சி ஆறவைத்த உப்புநீரில் நனைத்த சுத்தமான துணியால் தாங்கி மூடி, மாட்டைப் படுக்கவிடாமல் மருத்துவரை அழையுங்கள். தமிழகத்தில் சென்னை, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன.

தீவனக் கவனிப்பு

அறுவைக்கு முன் எவ்வளவு நேரம் தீனியும் தண்ணீரும் நிறுத்த வேண்டும் என்பதை மருத்துவர் சொற்படி தவறாது கடைப்பிடியுங்கள். அறுவைக்குப் பின் வயிறு புடைக்க வைக்கோல் போடக் கூடாது. நறுக்கிய கம்பு நேப்பியர் புல்லைச் சிறிது சிறிதாகப் பல வேளை கொடுங்கள். ஈரமான குதிரை மசால், தட்டைப்பயறுக் கொடி போன்றவற்றை மிகுதியாகக் கொடுத்தால் வயிறு உப்பித் தையலை இழுக்கும். மாட்டைத் தனியே, வழுக்காத தரையில் கட்டுங்கள்.

கன்று பிறந்த இரண்டு வாரங்களுக்குள் கொம்புக் குருத்தை மருத்துவரைக் கொண்டு நீக்கிவிட்டால் முட்டுக்காயங்கள் பெரிதும் குறையும். கத்தியை எடுக்கும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு கறவை மாட்டைக் காப்பாற்ற அதுவே முதல் படி.