அபாயகரமான பொருட்களை ஏற்றிச் செல்லும் வாகனங்களும் வீதி விபத்துகளும்

பெற்றோல், சமையல் எரிவாயு, குளோரீன், அமோனியா, சல்பூரிக்கமிலம் முதலியன அன்றாட வாழ்க்கைக்கும் கைத்தொழில்களுக்கும் இன்றியமையாதவை. இவை பவுசர்களிலும் லொறிகளிலும் நாம் நடமாடும் வீதிகளிலேயே கொண்டுசெல்லப்படுகின்றன. அரிசி மூடை ஏற்றிய லொறி கவிழ்ந்தால் பாதிப்பு அவ்விடத்தோடு நின்றுவிடும். பெற்றோல் பவுசர் கவிழ்ந்தாலோ, பெரும் ஆபத்து அதன் பின்னரே தொடங்குகின்றது. மாணவர்களே, இவ்வேறுபாட்டை மனதிற் கொண்டு பாடத்தை வாசியுங்கள்.

1. அபாயகரமான பொருட்களின் வகைகள்

ஐக்கிய நாடுகள் சபையின் முறைப்படி இவை 9 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் முக்கியமானவை:

வகுப்பு 1 – வெடிபொருட்கள்
வகுப்பு 2 – வாயுக்கள்
வகுப்பு 3 – தீப்பற்றும் திரவங்கள்
வகுப்பு 6 – நச்சுப் பொருட்களும் தொற்றை ஏற்படுத்தும் பொருட்களும்
வகுப்பு 8 – அரிக்கும் பொருட்கள்

இப்பொருட்களுக்கு நான்கு இலக்க எண்களும் உண்டு. உதாரணமாக, பெற்றோல் 1203, டீசல் 1202, குளோரீன் 1017. வாகனத்தில் இவ்வெண் காணப்பட்டால் தீயணைப்புப் படையினர் தூரத்தில் நின்றே பொருளை இனங்காண முடியும்.

2. சம்பவ ஆய்வு: பாகிஸ்தான், 2017

2017 யூன் 25ஆந் திகதி, நோன்புப் பெருநாளுக்கு முந்தைய நாள் காலை, பஞ்சாப் மாகாணத்தின் பகவல்பூர் மாவட்டத்தில் பெற்றோல் பவுசர் ஒன்று நெடுஞ்சாலையில் கவிழ்ந்தது. அயற்கிராம மக்கள் கொள்கலன்களுடன் ஓடிவந்து, வழிந்த பெற்றோலைச் சேகரித்தனர். சிறிது நேரத்தில் தீ மூண்டது. 200க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அம்மக்களைப் பேராசைக்காரர் என்று எளிதாகக் கூறிவிடலாகாது. 2022இல் எரிபொருள் வரிசையில் காத்துநின்ற நமக்கு ஒரு போத்தல் பெற்றோலின் பெறுமதி தெரியும். வறுமையும் அறியாமையும் சேரும்போது விபத்து பேரனர்த்தமாக மாறுகின்றது.

3. தீ ஏன் இவ்வளவு விரைவாகப் பரவுகின்றது?

• எரிவது பெற்றோல் திரவமன்று. அதிலிருந்து எழும் ஆவியே எரிகின்றது.
• சாதாரண வெப்பநிலையிலேயே பெற்றோல் ஆவியாகும்.
• அவ்வாவி வளியிலும் பாரமானது. எனவே மேலெழாமல் நிலத்தோடு படர்ந்து, கான்களிலும் பள்ளங்களிலும் தேங்கும்.
• படர்ந்த ஆவியைத் தூரத்திலுள்ள ஒரு தீப்பொறியும் பற்றவைக்கும்.

4. சாரதியின் தவறு மட்டுமா?

1978 யூலை 11ஆந் திகதி ஸ்பெயினில், திரவமாக்கப்பட்ட புரொப்பிலீன் ஏற்றிய தாங்கி வாகனம் ஒன்று கடற்கரை முகாமொன்றின் அருகே வெடித்ததில் 200க்கு மேற்பட்டோர் மாண்டனர். அனுமதிக்கப்பட்ட அளவிலும் கூடுதலாக அதில் நிரப்பப்பட்டிருந்தது. வெப்பத்தால் திரவம் விரிவதற்கு இடம் வேண்டும். இடமில்லாதபோது தாங்கியினுள் அழுக்கம் மிகும். ஆகவே ஏற்றுபவர், வாகன உரிமையாளர், பாதையைத் தீர்மானிப்பவர் ஆகிய அனைவருக்கும் பொறுப்புண்டு.

5. நாம் செய்ய வேண்டியவை

• வாகனத்தை நெருங்காது உடனே விலகிச் செல்லல். வேடிக்கை பார்க்கக் கூடாமை.
• காற்று நம் பக்கமிருந்து வாகனத்தை நோக்கி வீசும் திசையில் நிற்றல்.
• குளோரீன் வளியிலும் பாரமானதாகையால் மேட்டு நிலத்துக்குச் செல்லல்.
• அருகில் தீக்குச்சி, சிகரெட், வாகன இயந்திரம், கைத்தொலைபேசி ஆகியவற்றை இயக்காமை.
• பாதுகாப்பான தூரத்துக்குச் சென்றபின் 119 (பொலிஸ்) அல்லது 110 (தீயணைப்பு) இலக்கத்துக்கு அறிவித்தல்.
• அமிலம் உடலிற் பட்டால் அதிக நீரால் தொடர்ந்து கழுவுதல்.

6. மாதிரி வினா

பகவல்பூர் சம்பவத்தில் உயிரிழப்பு அதிகரித்தமைக்கான காரணங்கள் மூன்று தருக.

விடைக் குறிப்பு: (அ) மக்கள் பெற்றோலைச் சேகரிக்க வாகனத்தருகே கூடியமை. (ஆ) பெற்றோல் ஆவி நிலத்தோடு படர்ந்து எளிதில் தீப்பற்றும் இயல்புடையமை. (இ) ஆபத்துப் பற்றிய அறிவின்மையும் வறுமையும்.

கவனிக்க: “பவுசர் கவிழ்ந்தமை” என்று மட்டும் எழுதும் மாணவர் பலர். அது விபத்துக்கான விடையே தவிர, உயிரிழப்பு அதிகரித்தமைக்கான விடையன்று. வினாவை இருமுறை வாசித்து விடையளியுங்கள். வீதியில் இத்தகைய வாகனம் கவிழ்ந்து கிடக்கக் கண்டால், முதலாவது விடையாக விலகி ஓடுங்கள். வீட்டிலுள்ள தம்பி, தங்கையருக்கும் இதனைச் சொல்லிக்கொடுங்கள்.