சிங்கப்பூர்ச் செலவும் வெள்ளிக் கணக்கும்

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுடன் சிங்கப்பூர் சென்றுவரத் தோட்டத்துக் குடும்பங்கள் பல விரும்புகின்றன. 1924ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்தைக் கடந்தால் அந்நகரம். தொலைவு குறைவாதலின் செலவும் குறைவென்று எண்ணிவிடுகிறோம்.

1973ஆம் ஆண்டு மே மாதம் வரை மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கொன்று சமமாக மாற்றப்பட்டன. பின்னர் மதிப்பு வேறுபட்டது; நம் பேச்சு மட்டும் மாறவில்லை. ரிங்கிட்டையும் வெள்ளி என்கிறோம், அங்குள்ள டாலரையும் வெள்ளி என்கிறோம். கணக்கு பிசகுவது இங்கேதான்.

ஜொகூர் பாருவிலிருந்து உட்லண்ட்ஸ் செல்லும் இரயிலையே பாருங்கள். 2025ஆம் ஆண்டில் போகும்போது ஆளுக்கு 5 ரிங்கிட். திரும்பும்போது 5 டாலர். ஒரு டாலர் 3 ரிங்கிட் 25 காசு எனக் கொண்டால், பெரியவர் நால்வர் போவதற்கு 20 ரிங்கிட், வருவதற்கு 65 ரிங்கிட்! அதே ஆண்டு நடைமுறைக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில், வாரம் ஆறு நாள் உழைப்பவருக்கு ஒரு நாள் கூலியே ஏறத்தாழ அவ்வளவுதான்.

ஆகவே, திரும்பும் கட்டணத்தை டாலராக மாற்றித் தனி உறையில் முதலில் வைத்துவிட வேண்டும். மிஞ்சியதே செலவுக்குரிய பணம். இரண்டு மூன்று நாணய மாற்றுக் கடைகளில் விலை கேட்டு மாற்றுவது நலம்.

கைக்குழந்தைக்கும் தனிக் கடப்பிதழ் வேண்டும். அது குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையை, போய்ச்சேரும் நாளுக்கு முந்திய மூன்று நாள்களுக்குள் கணினியிலோ கைப்பேசியிலோ நிரப்பலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளங்களை நம்ப வேண்டா.

கட்டணமின்றிக் காணத்தக்கவை அங்கு நிறைய. 1859இல் தோன்றிய தாவரவியல் பூங்காவில் நாள் முழுவதும் உலாவலாம். ஆர்க்கிட் மலர்த் தோட்டத்திற்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும். லார்க்கினில் புறப்படும் 170ஆம் எண் பேருந்து அவ்வழியே செல்கிறது. சிராங்கூன் சாலைக் கோயில்களை நடந்தே தரிசிக்கலாம். விக்டோரியா சாலைத் தேசிய நூலகத்தில் தமிழ் நூல்கள் உண்டு. பிள்ளைகளை அங்கே ஒரு மணி நேரமேனும் அமர்த்துவதை நாம் பெரிதும் விரும்புகிறோம். புளிச்சோறு கட்டிச் சென்றால் பூங்காவில் உண்ணலாம். நகர இரயிலில் உண்டால் அபராதம். குழாய்நீரைப் புட்டியில் பிடித்துக் குடிக்கலாம். அதில் ஒரு பகுதி நம் ஜொகூர் ஆற்று நீரே!

மாணவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு தோசை 3 டாலர் 60 காசு, ஒரு தேநீர் 1 டாலர் 40 காசு எனக் கொள்வோம். ஐவர் ஆளுக்கொன்று உண்டு பருகினால் எத்தனை ரிங்கிட் ஆகும்? விடையைப் பெற்றோரிடம் காட்டுங்கள்.