பாடம் 11: மலைமேல் ஒரு ராத்திரி, எவ்வளவு ஆகும்?

இந்தப் பாடம் முடியும்வரை உன் வீட்டுக்கு நீதான் கணக்கப்பிள்ளை. பென்சிலும் ஒரு வெள்ளைத் தாளும் எடுத்துக்கொள்.

மாவ்பியிலிருந்து ஐந்து பேர் சைத்தியோ மலைக்குப் போகிறீர்கள்: அப்பத்தா, அம்மா, சித்தப்பா, அண்ணன், நீ. அங்கே ஒரு ராத்திரி தங்க வேண்டும். அப்பத்தாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. ஆனாலும் பல வருஷமாக அவர் சொல்வது ஒன்றுதான்: "கண்ண மூடுறதுக்குள்ள அந்தப் பொன்பாறையில விளக்கு எரியிறத ஒரு தடவ பாத்துடணும்." அம்மா சீட்டுப் பணத்திலிருந்து 1,75,000 சாட் எடுத்து வைத்திருக்கிறார். தங்குவதும் மலை ஏறி இறங்குவதும் அதற்குள் முடிய வேண்டும். பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் சித்தப்பாவுடையது.

இந்த மாதிரி வேலை நம் ஆட்களுக்குப் புதிது இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் ரங்கூனில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்தார்கள். அவர்களுடைய கிட்டங்கி மொகல் தெருவில் இருந்தது. இன்று அந்தத் தெருவுக்கு ஷ்வேபோன்தா தெரு என்று பெயர். கிட்டங்கி என்றால் ஒரு பெரிய கூடம். பல கடைக்காரர்கள் ஒரே கூடத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பணப்பெட்டி, அதன் பக்கத்தில் ஒரு பாய். பகலில் அந்த இடம் கடை, ராத்திரியில் அதுவே படுக்கை. அங்கே உன்னைப்போலச் சின்ன வயதுப் பையன்களும் வேலை கற்றுக்கொள்ள வந்தார்கள். அவர்களைப் 'பெட்டியடிப் பையன்' என்று அழைத்தார்கள். பெட்டியின் அடியில், அதாவது பக்கத்தில், உட்கார்ந்து கணக்குப் பழகுகிறவன் என்று பொருள். அந்தக் காலத்தில் பெண் பிள்ளைகளை அந்த வேலைக்கு வைக்கவில்லை. நம் வகுப்பில் அந்தப் பாகுபாடு கிடையாது.

மலையைப் பற்றி

சைத்தியோ மலை மோன் மாநிலத்தில் இருக்கிறது. உயரம் சுமார் 3,600 அடி. உச்சியின் ஓரத்தில் ஒரு பெரிய பாறை உட்கார்ந்திருக்கிறது. பார்த்தால் இப்போதே உருண்டுவிடும் போல இருக்கும். ஆனால் உருளவில்லை. பாறை முழுவதும் தங்க ரேக்கு ஒட்டியிருக்கிறார்கள். ரேக்கு என்றால் மிக மெல்லிய தகடு. பாறையின் மேல் சுமார் 24 அடி உயரத்தில் ஒரு சின்ன பகோடாவும் உண்டு. புத்தருடைய தலைமுடி ஒன்றுதான் அந்தப் பாறையை விழாமல் தாங்குகிறது என்று மக்கள் நம்புகிறார்கள். ஒரு முனிவர் அந்த முடியைத் தன் தலையில் வைத்துக் காத்தாராம். 'முனிவர் தலையில் சுமந்த பகோடா' என்பதே மோன் மொழியில் அந்த ஊர்ப் பெயரின் பொருள்.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். பாறையைத் தொட்டு ரேக்கு ஒட்ட ஆண்களுக்கு மட்டும்தான் அனுமதி. பெண்கள் சற்றுத் தள்ளி நின்றுதான் கும்பிட வேண்டும். அப்பத்தாவும் அம்மாவும் வாங்கும் ரேக்கை அண்ணனோ சித்தப்பாவோதான் கொண்டுபோய் ஒட்டுவார்கள். "ஏன் அப்படி?" என்று நீ கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதைப் போவதற்கு முன்னால் வீட்டிலேயே பேசிக்கொள்ளுங்கள். மலைமேல் போய் நின்ற பிறகு அப்பத்தாவுக்கு அது தெரியக்கூடாது.

எப்போது போகலாம்?

மே மாதம் பாதியில் மழை தொடங்கினால் அக்டோபர்வரை விடாது. அப்போது மலையை மேகம் மூடியிருக்கும். பாறை கண்ணுக்கே தெரியாமல் திரும்பி வருகிறவர்களும் உண்டு. அதனால் நவம்பரிலிருந்து மார்ச்வரை நல்ல காலம். உனக்குப் பள்ளி விடுமுறை மார்ச்சில் வரும். ஆனால் தபாங் மாதப் பௌர்ணமியும் பெரும்பாலும் மார்ச்சில்தான். அன்று ஆயிரக்கணக்கான மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அழகு என்றால் அழகு! கூட்டமும் அப்படித்தான். அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். சாதாரண நாளிலும் ராத்திரியில் பாறைக்கு விளக்குப் போடுகிறார்கள். ஆகவே பௌர்ணமிக்கு ஒரு வாரம் தள்ளி, திங்கள் செவ்வாயில் போவது நமக்கு நல்லது. சனி ஞாயிறு வேண்டாம்.

டிசம்பர், ஜனவரி என்றால் குளிரை மறக்காதே. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். சைத்தியோ உச்சி 1,100 மீட்டர். அடிவாரத்தில் 20 டிகிரி இருந்தால் மேலே சுமார் 13. மாவ்பியில் பிறந்து வளர்ந்த உடம்புக்கு இது நல்ல குளிர்தான்.

எப்படிப் போவது?

முதலில் மாவ்பியிலிருந்து யாங்கோன் அவுங்மிங்கலா பஸ் நிலையம். அங்கிருந்து பகோ வழியாக, சித்தாங் ஆற்றைத் தாண்டி, சைத்தோ. யாங்கோனிலிருந்து சைத்தியோ சுமார் 130 மைல். மோலமியாயின் போகும் ரயிலும் சைத்தோவில் நிற்கும், ஆனால் ஆடி அசைந்துதான் போகும். சைத்தோவிலிருந்து அடிவாரமான கின்பூனுக்குப் பத்து மைல்.

கின்பூனுக்கு மேல் பஸ் கிடையாது, லாரிதான். பின்னால் வரிசை வரிசையாகப் பலகை போட்டிருப்பார்கள். ஆள் நிரம்பினால்தான் வண்டி கிளம்பும். வளைவுகளில் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து "அய்யோ!" என்று கத்துவார்கள். முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தால் கட்டணம் கூடுதல். பாதையில் நடந்தும் ஏறலாம், இறங்கலாம். ஒரு வழிக்கு சுமார் ஏழு மைல். வண்டி நிற்கும் இடத்துக்கு மேலேயும் கொஞ்சம் ஏற்றம் உண்டு. நடக்க முடியாதவர்களை மூங்கில் நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். மூட்டைகளைக் கூடையில் சுமப்பவர்களும் இருக்கிறார்கள். மூட்டையின் எடையைப் பார்த்துக் கூலி கேட்பார்கள்.

எடை என்றதும் ஒரு சொல் ஞாபகம் வருகிறது. மியன்மார் சந்தையில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் 'விஸ்' என்று ஒரு அளவு சொல்வார்கள், கேட்டிருப்பாய். அது தமிழ்ச் சொல்! நம் 'வீசை'தான் அது. பர்மா வீசை சுமார் 1.6 கிலோ. சென்னைப் பக்கத்துப் பழைய வீசை சுமார் 1.4 கிலோ.

மேலேயா, கீழேயா?

இதுதான் பாடத்தின் முக்கியமான இடம். மெதுவாகப் படி.

கீழே கின்பூனில் அறை மலிவு. மேலே அறை விலை அதிகம், ஏனென்றால் தண்ணீர், அரிசி, துணி எல்லாமே மலை ஏறித்தான் வர வேண்டும். உலகத்தில் பல மலை ஊர்களில் இப்படித்தான். இத்தாலியில் ஒர்வியேத்தோ என்று ஒரு பழைய ஊர், செங்குத்தான பாறையின் தலையில் கட்டியது. ரயில் நிலையம் கீழே இருக்கிறது. ஊருக்குள் போக 1888இல் ஒரு இழுவை ரயில் போட்டார்கள். முதலில் தண்ணீரின் எடையால் அது ஓடியது, இன்று மின்சாரத்தால் ஓடுகிறது. அங்கே போகிற குடும்பங்களும் "மேலே தங்கலாமா, ஸ்டேஷன் பக்கத்தில் தங்கலாமா?" என்று இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். பழனியில் இந்தக் குழப்பம் இல்லை. முருகனைப் பார்த்துவிட்டுப் பொதுவாக அடிவாரத்துக்கு இறங்கித்தான் தூங்க வேண்டும்.

இனிக் கணக்கு. கீழே உள்ள எண்கள் பாடத்துக்காக நாங்கள் வைத்தவை. உண்மையான விலை மாதத்துக்கு மாதம் மாறும். நீ போகும்போது விசாரித்துச் சரியான எண்ணைப் போட்டுக்கொள்.

கின்பூனில் ஐந்து பேருக்கு அறை 60,000 சாட். மேலே ஐந்து பேருக்கு 1,40,000. லாரிக்கு ஓர் ஆளுக்கு ஒரு தடவைக்கு 5,000.

கீழே தங்கினால் மாலையில் ஒரு தடவை ஏறி இறங்க வேண்டும், விடியற்காலையில் இன்னொரு தடவை. ஆளுக்கு நான்கு பயணம். 5 × 4 × 5,000 = 1,00,000. அறையோடு சேர்த்து 1,60,000.

மேலே தங்கினால் ஆளுக்கு இரண்டே பயணம். 5 × 2 × 5,000 = 50,000. அறையோடு 1,90,000.

பார்த்தாயா? அறை விலையில் வித்தியாசம் 80,000. மொத்தச் செலவில் வித்தியாசம் 30,000தான். அறை வாடகையை மட்டும் பார்த்து "கீழேயே தங்கலாம்" என்று சொல்கிறவர் பாதிக் கணக்குத்தான் போடுகிறார்.

1,60,000 நம் பணத்துக்குள் அடங்குகிறதே, அது போதாதா? போதாது. கடைசி லாரி இருட்டுவதற்குள் கிளம்பிவிடும். காலையில் முதல் லாரி மேலே போய்ச் சேரும்போது வெளிச்சம் வந்துவிடும். அப்பத்தா பார்க்க ஆசைப்பட்டது விளக்கு எரியும் பாறையை. அது ராத்திரியில் மேலே இருப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும். நான்கு தடவை லாரியில் குலுங்கியும் விளக்கைப் பார்க்காமல் வருவதா?

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. பாறை இருக்கும் முற்றத்திலும், ஸயாத்திலும் நிறைய யாத்திரிகர்கள் பாய் விரித்துத் தூங்குகிறார்கள். ஸயாத் என்பது பர்மியச் சொல். தமிழில் சத்திரம் அல்லது மடம் என்போம். பாயும் கம்பளியும் வாடகைக்குக் கிடைக்கும். ஆளுக்கு 6,000 என்று வைத்துக்கொண்டால் 30,000. லாரி 50,000. மொத்தம் 80,000தான்! ஆனால் தரை சில்லென்று இருக்கும், காற்று வீசும். அப்பத்தாவின் முழங்கால் என்ன சொல்லும்?

அன்று ராத்திரி வீட்டில் நடந்த பேச்சு இது. பேச்சுத் தமிழில் இருக்கிறது. உரக்கப் படி.

அண்ணன்: அப்பத்தாவும் அம்மாவும் மேல ஒரு சின்ன ரூம்ல படுக்கட்டும். நாங்க மூணு பேரும் ஸயாத்துல படுத்துக்கிறோம்.

அப்பத்தா: நான் மட்டும் மெத்தையிலயா? புள்ளைங்க குளிர்ல கெடக்கணுமா? அப்படி ஒண்ணும் எனக்கு வேணாம்ப்பா.

சித்தப்பா: நாங்க வயல்ல காவலுக்குப் படுக்கலயா ஆத்தா? ஒரு ராத்திரிதானே.

அப்பத்தா: நீ படுப்ப. இந்தச் சின்னது படுக்குமா?

அம்மா: கண்ணு, ரெண்டு பேர் ரூம் என்ன வெலன்னு ஒரு போன் போட்டுக் கேளு. உனக்குத்தான் பர்மாப் பேச்சு நல்லா வரும்.

ஆம், விடுதிக்காரர் பர்மியர். வீட்டில் தமிழ், போனில் பர்மியம். நடுவில் மொழிபெயர்ப்பவர் நீதான்.

போனில் என்ன கேட்பாய்?

விலையைக் கேட்பதற்கு முன்னால் லாரி ஓடுகிறதா, பாதை திறந்திருக்கிறதா என்று கேள். வண்டி இல்லாத நாளில் அறை இருந்து என்ன பயன்? பிறகு வாடகை அறைக்கா, ஆளுக்கா என்று கேள். இரண்டையும் கலந்து சொல்லிக் குழப்புகிறவர்கள் உண்டு. கரண்ட் எத்தனை மணிவரை, ஜெனரேட்டர் இருக்கிறதா, சுடுதண்ணீர் கிடைக்குமா, கழிப்பறை அறைக்குள்ளேயா வெளியேயா, அது குந்துகிற மாதிரியா உட்காருகிற மாதிரியா? கடைசிக் கேள்வி உனக்குச் சிரிப்பாக இருக்கும். முழங்கால் வலிக்காரருக்கு அதுதான் முதல் கேள்வி. அறை எத்தனை படி ஏறி இருக்கிறது என்பதையும் விடாதே. பெரியவர்கள் எல்லோரும் அடையாள அட்டை கொண்டுபோக வேண்டும். அது இல்லாமல் எந்த விடுதியிலும் பெயர் பதிய மாட்டார்கள்.

நீ கேட்டதில் தெரிந்தது: மேலே இருவர் அறை 70,000. மூங்கில் நாற்காலி ஏற 20,000, இறங்க 20,000. இவையும் பாடத்துக்காக வைத்த எண்கள்தான்.

பயிற்சி

1. அண்ணன் சொன்ன யோசனைப்படி ஐந்து பேருக்கும் மொத்தம் எவ்வளவு ஆகும்? லாரி, இருவர் அறை, மூன்று பாய்-கம்பளி எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்.

2. அதோடு மூங்கில் நாற்காலியையும் சேர். அம்மா வைத்த 1,75,000க்குள் அடங்குகிறதா? அடங்காவிட்டால் எவ்வளவு குறைகிறது? பாடத்தை இன்னொரு தடவை படித்து, அந்தத் தொகையை எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று கண்டுபிடி. அப்பத்தாவின் செலவில் கை வைக்கக் கூடாது.

3. இவற்றை எழுத்துத் தமிழில் மாற்று: "வெலன்னு கேளு", "குளிர்ல கெடக்கணுமா", "எனக்கு வேணாம்ப்பா".

4. திரும்பும்போது பகோவில் இரண்டு மணி நேரம் இறங்கலாம். அங்கே 374 அடி உயர ஷ்வேமாடோ பகோடாவும், 180 அடி நீளத்துக்குப் படுத்திருக்கும் ஷ்வேதாயாங் புத்தரும் இருக்கிறார்கள். நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது. முழங்கால் வலியையும் நினைத்துக்கொண்டு, எதைப் பார்ப்பீர்கள், ஏன் என்று மூன்று வரி எழுது.

5. அப்பத்தா இன்னும் "மெத்தை வேண்டாம்" என்றுதான் சொல்கிறார். நீ அவர் பக்கத்தில் போய் உட்காருகிறாய். என்ன சொல்வாய்? பேச்சுத் தமிழில் ஐந்து வரி எழுது. "அப்பத்தா, நீங்க…" என்று தொடங்கு.